நிலையான வளர்ச்சி இலக்குகளின் மீளாய்வில் குடிமைச் சமூகம்: பெயரளவுப் பங்கேற்பை உண்மையான பங்கேற்பாக மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான்: ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று நாடுகள் மீளாய்வு செய்யும்போது குடிமைச் சமூக அமைப்புகளையும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். ஆனால் அறிக்கை வெளியானதும் பார்த்தால், பேசியதில் ஒரு வரிகூட அதில் இருப்பதில்லை. இந்த நிலையை மாற்ற என்ன வழி?

நாடுகள் அறிக்கையை முன்வைக்கும் ஐ.நா. மன்றத்தில், நியூயார்க்கில் ஜூலை மாதம் கிடைக்கிற ஓரிரு நிமிட மைக்குக்காகச் செலவிடும் உழைப்பில் முக்கால் பங்கை, அதற்கு எட்டு மாதம் முன்னதாக அவரவர் நாட்டில், அறிக்கையின் வரைவுக்குள் நுழைவதற்குத் திருப்ப வேண்டும். அறிக்கை அச்சுக்குப் போன பிறகு எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அதில் ஒரு சொல் மாறாது. பங்கேற்பு உண்மையானதுதானா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். நாங்கள் சொன்னதால் எந்த வரி மாறியது? மாறாத இடத்தில், ஏன் மாற்றவில்லை என்று எழுத்தில் பதில் வந்ததா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அங்கே நடந்தது கலந்தாய்வு அல்ல, வருகைப் பதிவு.

தாளில் என்ன உரிமை இருக்கிறது

2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபை 70/1 என்ற தீர்மானத்தின் வழியாக 17 இலக்குகளையும் அவற்றின் கீழ் 169 துணை இலக்குகளையும் ஏற்றது. அதன் 74-வது பத்தி, மீளாய்வு எல்லோருக்கும் திறந்ததாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தேசிய அளவிலான மீளாய்வுகளில் குடிமைச் சமூகம், பழங்குடி மக்கள், தனியார் துறை ஆகியோரின் பங்களிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 79-வது பத்தி. இதற்கும் முன்பே, நாடுகள் இந்த அறிக்கைகளை முன்வைக்கும் உயர்மட்ட அரசியல் மன்றத்தை அமைத்த 2013-ஆம் ஆண்டின் 67/290 தீர்மானம் தெளிவாகச் சில உரிமைகளைத் தந்துவிட்டது: மன்றத்தின் எல்லா அதிகாரபூர்வக் கூட்டங்களிலும் கலந்துகொள்ளலாம், ஆவணங்களைப் பார்க்கலாம், பேசலாம், எழுத்தில் கருத்துத் தரலாம், பரிந்துரை செய்யலாம், உறுப்பு நாடுகளுடனும் செயலகத்துடனும் சேர்ந்து இணைநிகழ்வு நடத்தலாம்.

இந்த உரிமைகள் மன்றத்துக்குள் மட்டும்தான் செல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாட்டுக்குள் அறிக்கை தயாராகும் இடத்துக்கு அவை எட்டாது. நாடுகள் செய்யும் இந்த மீளாய்வுக்கு உள்ள 'தன்னார்வ தேசிய மீளாய்வு' என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. செய்வதா வேண்டாமா, எப்படிச் செய்வது, யாரை அழைப்பது எல்லாம் அரசின் விருப்பம். நாடுகளின் மனித உரிமை நிலை பற்றி ஐ.நா. மனித உரிமைகள் பேரவை நடத்தும் உலகளாவிய காலமுறை மீளாய்வை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே குடிமைச் சமூகம் அனுப்பும் அறிக்கைகளைத் தொகுத்து ஐ.நா. மனித உரிமை அலுவலகமே ஓர் ஆவணமாக முன்வைக்கும். நிலையான வளர்ச்சி இலக்குகளில், ஒரு நாட்டின் அறிக்கைக்கு எதிராக நாம் எழுதும் இணை அறிக்கைக்கு அப்படி ஓர் அதிகாரபூர்வ இடம் கிடையாது. அதனால்தான் வரைவுக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாட்காட்டி தெரியாமல் எதுவும் நடக்காது

மன்றம் ஆண்டுதோறும் ஜூலையில் பொருளாதார, சமூகப் பேரவையின் கீழ் கூடுகிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செப்டம்பரில் பொதுச்சபையின் கீழ் தலைவர்கள் மட்டத்திலும் கூடுகிறது. 2019, 2023 முடிந்தன, அடுத்தது 2027. ஒவ்வோர் ஆண்டும் சில இலக்குகள் ஆழமான மீளாய்வுக்கு வரும். 2026-க்கு உரியவை 6, 7, 9, 11, 17, அதாவது தண்ணீர், எரிசக்தி, தொழில் மற்றும் உள்கட்டமைப்பு, நகரங்கள், கூட்டாண்மை.

அறிக்கை தர விரும்பும் நாடு அதற்கு முந்தைய ஆண்டிலேயே பேரவைத் தலைவருக்குத் தெரிவித்துவிடும், பட்டியல் வெளியாகும். உண்மையில் நம் வேலை தொடங்க வேண்டிய நாள் அதுதான். டிசம்பருக்குள் எந்த அமைச்சகம் எழுதுகிறது, எழுதுபவர் அதிகாரியா, வெளியிலிருந்து அமர்த்திய ஆலோசகரா, ஐ.நா. அமைப்புகளில் எது உதவுகிறது என்று கண்டுபிடித்துவிட வேண்டும். பல நாடுகளில் முதல் வரைவு ஓர் ஆலோசகரின் மடிக்கணினியில்தான் பிறக்கிறது. அவருக்கு நல்ல தரவு ஜனவரியில் கிடைத்தால் நன்றியோடு எடுத்துக்கொள்வார். அதே தரவை மே மாதம் கொடுத்தால் அது தொல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஐ.நா.வின் ஐந்து பிராந்திய ஆணையங்களும் தத்தம் பிராந்திய மன்றங்களை நடத்துகின்றன. மே தொடக்கத்தில் நாடுகள் 'முக்கியச் செய்திகள்' என்ற சுருக்கத்தை அனுப்ப வேண்டும். ஜூன் நடுவில் முழு அறிக்கை போக வேண்டும். ஆக, ஏப்ரல் கடைசியில் 'சரிபார்ப்புக் கூட்டம்' என்று அழைப்பு வந்தால், கதவு ஏற்கெனவே முக்கால்வாசி மூடியாயிற்று என்று பொருள்.

கலந்தாய்வு ஏன் பொய்த்துப் போகிறது

பொய்த்துப்போகும் கூட்டங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை. அழைப்பு மூன்று நாள் முன்னதாக வரும். வரைவு இணைப்பில் இருக்காது. கூட்டத்தில் திரையில் காட்டுவார்கள். இருநூறு பக்க அறிக்கையை நாற்பது படங்களில் ஓட்டி முடிக்கும்போது மதிய உணவு நேரம் வந்திருக்கும். மீதி முக்கால் மணி நேரத்தில் ஐம்பது அமைப்புகளும் பேச வேண்டும். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. கடைசியில் ஒரு குழுப்படம். அறிக்கையின் பின்னிணைப்பில் வந்தவர்களின் பெயர்ப்பட்டியல் ஏறும். அந்தப் பட்டியல்தான் பிறகு 'விரிவான கலந்தாய்வு நடந்தது' என்பதற்குச் சான்று.

இதை உடைக்க அழைப்புக் கடிதத்துக்கு எழுதும் பதில் கடிதமே முதல் கருவி. வரைவு, கூட்டத்துக்குக் குறைந்தது 15 வேலை நாட்களுக்கு முன் வேண்டும். பேசப்படும் மொழிகளில் குறைந்தபட்சம் சுருக்கமாவது வேண்டும். ஒவ்வோர் எழுத்துக் கருத்துக்கும் ஏற்பு அல்லது மறுப்பு காரணத்தோடு வேண்டும். கூட்டக் குறிப்பு வெளியிடப்பட வேண்டும். இந்த நான்கையும் ஒரே பக்கத்தில், பல அமைப்புகள் சேர்ந்து கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். தனி அமைப்பு கேட்டால் ஓரங்கட்டுவது எளிது. நாற்பது அமைப்புகள் கேட்டால் கோப்பில் பதில் எழுதியாக வேண்டும். பெயர்ப்பட்டியலைப் பற்றியும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது: 'பங்கேற்றோர்' என்று போடலாம், 'அறிக்கையை ஆதரித்தோர்' என்ற பொருள் வரும்படி போடக் கூடாது.

அடுத்த கருவி கருத்து அட்டவணை. வரிசை எண், பக்கமும் பத்தியும், இப்போதுள்ள சொற்கள், மாற்றாக நாம் முன்வைக்கும் சொற்கள், ஆதாரம், அரசின் முடிவு, காரணம் என்று ஏழு கட்டங்கள் போதும். கடைசி இரண்டைக் காலியாக விட்டு அனுப்ப வேண்டும். அந்தக் காலி இடமே ஒரு கேள்வி. 'குடிநீர் பற்றிய பகுதி களநிலையைக் காட்டவில்லை' என்று எழுதினால் எந்த அதிகாரியாலும் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. '41-ஆம் பக்கம், இரண்டாம் பத்தி: எல்லா வீடுகளுக்கும் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கிறது என்பதை, இத்தனை வீடுகளுக்குக் குழாய் இணைப்பு உண்டு, நீரின் தரம் பற்றிய தரவு இத்தனை மாவட்டங்களுக்கு மட்டுமே உண்டு என்று மாற்றவும்' என்றால் அவர் ஏற்க வேண்டும், இல்லையேல் மறுக்கக் காரணம் தேட வேண்டும். மாற்றுச் சொற்களை நாமே எழுதிக் கொடுக்காத கருத்துகளில் மிகப் பெரும்பாலானவை காற்றில் போகின்றன.

தண்ணீரை எடுத்துக்கொண்டு ஒரு பயிற்சி

மேலே சொன்ன குடிநீர் உதாரணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்; ஏனென்றால் பெரும்பாலான சச்சரவுகள் இதே வடிவில்தான் வருகின்றன. 6.1.1 என்ற குறிகாட்டி 'பாதுகாப்பாக நிர்வகிக்கப்படும் குடிநீர்' பெறும் மக்களின் விகிதத்தை அளக்கிறது. அதற்குப் பொருள், மேம்படுத்தப்பட்ட நீர்மூலம் (குழாய், ஆழ்துளைக் கிணறு போன்றது) ஒன்று வீட்டு வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தேவைப்படும்போது தண்ணீர் வர வேண்டும். மலக் கலப்பும் ஆர்சனிக், ஃபுளோரைடு போன்ற முக்கிய வேதிமாசுகளும் இல்லாதிருக்க வேண்டும். ஒரு நிபந்தனை தவறினாலும் அந்த வீடு கணக்கில் வராது. போய், வரிசையில் நின்று, திரும்பி வர 30 நிமிடத்துக்குள் முடிந்தால் அது 'அடிப்படை' நிலை, அதாவது ஒரு படி கீழே. அரசின் கையில் பெரும்பாலும் இருப்பது இணைப்புகளின் எண்ணிக்கை. இணைப்பு எண்ணிக்கையை 6.1.1-க்குப் பதிலாக அறிக்கையில் வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் தரவுத் துறைக்கும் குடிநீர்த் துறைக்கும் இடையே பேச்சுவார்த்தையே இல்லாததுதான் காரணம்.

குடிமைச் சமூகம் இதை அளந்து காட்டலாம். ஒரு பகுதியில் 20 குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் 15 வீடுகள், மொத்தம் 300. வீட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு, குலுக்கலில் ஒரு தொடக்க எண்ணைத் தேர்ந்து, அங்கிருந்து சம இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிந்தவர் வீட்டுக்கும் சாலையோர வீட்டுக்கும் மட்டும் போனால் மொத்த உழைப்பும் வீண். தலைமைப் புள்ளியியலாளர் கேட்கும் முதல் கேள்வியே 'எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்' என்பதுதான். எளிய தற்செயல் மாதிரியாக இருந்தால் 300 வீடுகளுக்குப் பிழை வரம்பு சுமார் 6 விழுக்காட்டுப் புள்ளி. குடியிருப்பு குடியிருப்பாகத் தேர்ந்தெடுப்பதால் அது 8 வரை விரியலாம். இதை அறிக்கையில் நாமே எழுதிவிட வேண்டும்.

தரத்துக்கு முதல் சல்லடையாக ஹைட்ரஜன் சல்பைடு குப்பியைப் பயன்படுத்தலாம். குழாய் நீரை நிரப்பி வெதுவெதுப்பான இடத்தில் 24 முதல் 48 மணி நேரம் வைத்தால், மலக் கலப்பு இருக்க வாய்ப்புள்ள நீர் கருக்கும். ஆனால் இது, மலக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் ஈ-கோலை பாக்டீரியாவுக்கான சோதனை அல்ல. கருத்த மாதிரிகளிலும், கருக்காதவற்றில் ஒரு பங்கிலும் மீண்டும் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, 100 மில்லிலிட்டரில் ஈ-கோலை உண்டா என்று பார்க்க வேண்டும். குப்பியின் முடிவை மட்டும் வைத்து 'இத்தனை விழுக்காடு நீர் அசுத்தம்' என்று அறிவித்தால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மொத்த அறிக்கையையும் தள்ளிவிடுவார்கள். வேதிமாசுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள்: லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 10 மைக்ரோகிராம்.

இத்தகைய தரவு அதிகாரபூர்வக் கணக்கில் நுழைய முடியுமா என்ற சந்தேகத்துக்கு கானா நாடு பதில் சொல்லியிருக்கிறது. கடலோரக் குப்பையைத் தன்னார்வலர்கள் எண்ணிச் சேர்த்த தரவைக் கடல்சார் பிளாஸ்டிக் குறிகாட்டிக்காகத் தன் அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் சேர்த்து, 2022-இல் தந்த தேசிய மீளாய்வில் அதை வைத்தது. அது சாத்தியமானதற்குக் காரணம், எண்ணும் முறை எல்லாக் கடற்கரையிலும் ஒன்றாக இருந்ததும், அந்நாட்டுப் புள்ளியியல் துறை இடையிலேயே சேர்ந்து தரவைச் சரிபார்த்ததும். முடித்துவிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, கேள்வித்தாள் எழுதும்போதே புள்ளியியல் துறையில் ஒருவரிடம் காட்டிவிடுவது பத்து மடங்கு பயன் தரும்.

யாருடைய குரல்

பங்கேற்பு என்றால் தலைநகரில் அலுவலகம் வைத்திருக்கும், அறிக்கை எழுதத் தெரிந்த அமைப்புகளின் பங்கேற்பு என்று சுருங்கிவிடும் ஆபத்து நம் பக்கத்திலும் இருக்கிறது. ஐ.நா. பேச்சுகளில் பங்கேற்பதற்காக 1992 ரியோ மாநாட்டில் வகுத்த ஒன்பது பெருங்குழுக்கள் இன்றும் தொடர்கின்றன: பெண்கள், குழந்தைகளும் இளையோரும், பழங்குடி மக்கள், தன்னார்வத் தொண்டு நிறுவனங்கள், உள்ளாட்சிகள், தொழிலாளர்களும் தொழிற்சங்கங்களும், வணிகமும் தொழில்துறையும், அறிவியல் தொழில்நுட்பச் சமூகம், உழவர்கள். மாற்றுத்திறனாளிகள், முதியோர் போன்ற குழுக்கள் பின்னர் சேர்ந்தன. தேசியக் கூட்டமைப்பு அமைக்கும்போது இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்த நாற்காலி காலி என்று பார்க்க வேண்டும். அமைப்பாகத் திரளாதவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்க் கேட்க வேண்டும். நாட்கூலித் தொழிலாளியைக் கூட்டத்துக்கு அழைத்தால் அன்றைய கூலியையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காத அழைப்பு அழைப்பே அல்ல.

கேட்கும் முறையிலேயே ஆட்கள் மறைந்துபோவதும் உண்டு. 'வீட்டில் ஊனமுற்றோர் இருக்கிறார்களா' என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். கூச்சம் ஒரு காரணம், முதுமையில் வரும் குறைபாட்டை ஊனமாக நினைக்காதது இன்னொன்று. இதற்காகவே, ஊனம் பற்றிய புள்ளிவிவரத்துக்காக ஐ.நா.வின் கீழ் இயங்கும் வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இருக்கின்றன. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவும் கவனமும், தன் உடலைத் தானே பேணுவது, பேசிப் புரியவைப்பது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்டு, இல்லை, கொஞ்சம், மிகவும், முடியவே முடியாது என்று நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்க வேண்டும். ஒன்றிலேனும் கடைசி இரண்டு விடைகள் வந்தால் அவர் கணக்கில் சேர்வார். 'யாரையும் பின்தங்க விடமாட்டோம்' என்ற உறுதிமொழியைச் சரிபார்க்க 17.18 துணை இலக்கு வருமானம், பாலினம், வயது, இனம், புலம்பெயர்வு, ஊனம், இடம் ஆகியவற்றின்படி பிரித்த தரவைக் கேட்கிறது. அரசின் அறிக்கையில் தேசிய சராசரி மட்டும் இருந்தால் எந்தப் பிரிப்பு விடுபட்டது என்று சுட்டிக்காட்டுவதே ஒரு வலுவான கருத்து. அதற்குத் தனியாகக் கணக்கெடுப்புகூடத் தேவையில்லை.

இணை அறிக்கை

வரைவுக்குள் போக முயன்றும் முடியவில்லையா, அல்லது பாதிதான் ஏற்றார்களா, அப்போது இணை அறிக்கை. முப்பது பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். 17 இலக்குகளையும் தொட்டு மேம்போக்காக எழுதுவதைவிட, தரவு கைவசம் உள்ள நான்கைந்தை ஆழமாக எழுதுவது மேல். அரசு சொல்வது, குறிகாட்டியின் வரையறை கேட்பது, நாம் கண்டது, எந்தச் சட்டத்தை அல்லது எந்த நிதி ஒதுக்கீட்டை மாற்ற வேண்டும் என்ற வரிசை படிப்பவருக்கு எளிது. அரசு நன்றாகச் செய்ததை அப்படியே ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். நம்பகத்தன்மை அங்கேதான் பிறக்கிறது. பின்லாந்து 2020-இலும் நார்வே 2021-இலும் தங்கள் தேசிய அறிக்கைக்குள்ளேயே ஒவ்வோர் இலக்குக்கும் குடிமைச் சமூகத்தின் மதிப்பீட்டை இடம்பெறச் செய்தன. அரசின் மதிப்பீட்டோடு முரண்படும் இடங்களும் அச்சில் வந்தன. எந்த அரசிடமும் எடுத்துக்காட்டிக் கேட்கக்கூடிய முன்னுதாரணம் இது.

நியூயார்க்

மன்றத்தில் ஒரு நாட்டின் அறிக்கைக்குப் பிறகு பெருங்குழுக்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்பு. அதுவும் ஓரிரு நிமிடம். 250 சொற்களுக்கு மேல் எழுதினால் பாதியில் மைக் அணைந்துவிடும். நன்றியுரையில் அரை நிமிடத்தைக் கரைக்காமல், பதில் சொல்லித்தான் ஆகவேண்டிய ஒரே கேள்வியை முதல் மூன்று வரிக்குள் வைக்க வேண்டும். 'இணைந்து செயல்பட அரசு என்ன செய்யும்' என்பதற்கு அமைச்சர் புன்னகையோடு பத்து வரி சொல்லிவிடுவார். 'குடிமைச் சமூகம் தந்த கருத்துகளில் ஏற்றவை, மறுத்தவை பட்டியல் எப்போது வெளியாகும்' என்பதற்கு ஒரு தேதி சொல்ல வேண்டியிருக்கும்.

உள்ளே போவதற்குப் பல அமைப்புகள் நாடுவது பொருளாதார, சமூகப் பேரவையின் ஆலோசனைத் தகுதி. அதற்கு அமைப்பு பதிவாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூன் 1. 19 நாடுகள் கொண்ட குழு முடிவெடுக்கும். அங்கே ஓர் உறுப்பு நாடு கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தால் விண்ணப்பம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். சர்வதேச தலித் ஒற்றுமை வலைப்பின்னல் 2008-இல் விண்ணப்பித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்துக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி 2022 டிசம்பரில்தான் தகுதி பெற்றது. எனவே தகுதிக்காகக் காத்திருக்காமல், ஏற்கெனவே தகுதியுள்ள அமைப்பு அல்லது பெருங்குழு ஒன்றின் வழியாகப் பதிவுசெய்வது நடைமுறைக்கு ஏற்றது. விசாவுக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் பேசப்போகும் உரையை வேறொருவர் வாசிக்கவும் ஏற்பாடு இருக்கட்டும்.

பேசுபவர்களின் பாதுகாப்பைக் கடைசி நேரத்தில் யோசிக்கக் கூடாது. சாட்சியம் தந்தவரின் பெயர், ஊர், படம் எதுவும் அவர் எழுத்தில் ஒப்புதல் தராமல் வெளிவரக் கூடாது. முதலில் ஒப்புக்கொண்டவர் பிறகு மனம் மாறினால் நீக்கவும் வழி இருக்க வேண்டும். ஐ.நா.வோடு ஒத்துழைத்ததற்காகப் பழிவாங்கப்படுவோர் பற்றிப் பொதுச்செயலாளர் ஆண்டுதோறும் அறிக்கை தருகிறார். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், சொன்ன சொற்கள் எல்லாவற்றையும் குறித்துவைத்து ஐ.நா. மனித உரிமை அலுவலகத்துக்கு அனுப்பலாம்.

ஜூலைக்குப் பிறகு

பெரும்பாலான கூட்டமைப்புகள் ஆகஸ்டில் கலைந்துவிடுகின்றன. அடுத்த அறிக்கைக்கு மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும்போது எல்லாம் முதலிலிருந்து. கையிலுள்ள ஆதாரம் அதற்குள் வேறு வாசல்களில் வேலை செய்ய முடியும். உலகளாவிய காலமுறை மீளாய்வு ஏறத்தாழ நாலரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. அதற்கு ஓர் அமைப்பு தனியாக அனுப்பினால் 2,815 சொற்கள், கூட்டாக அனுப்பினால் 5,630 சொற்கள் வரை எழுதலாம். குடிநீர், கல்வி, பணிநிலை எல்லாம் சர்வதேச மனித உரிமை ஒப்பந்தங்கள் தரும் உரிமைகளாகவும் இருப்பதால் அதே அட்டவணை அங்கேயும் பொருந்தும். நாடாளுமன்ற நிலைக்குழு, தலைமைத் தணிக்கை அலுவலகம், நிதிநிலை அறிக்கைக்கு முந்தைய கருத்துக்கேட்பு ஆகியவையும் உண்டு. இவற்றில் தணிக்கை அலுவலகத்தைத்தான் நம் அமைப்புகள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகின்றன. ஒரு துறையின் தரவு குறிகாட்டியின் வரையறைக்குப் பொருந்துகிறதா என்று கோப்பைத் திறந்து பார்க்கும் அதிகாரம் அதற்கு இருக்கிறது.

அரசு பதில் தராமல் விட்ட கருத்துகளை அந்த அட்டவணையிலிருந்து தனியே பிரித்து, தேதியோடு சேமித்து வையுங்கள். அடுத்த முறை அந்த நாடு மீளாய்வுப் பட்டியலில் பெயர் கொடுத்ததும் அமைச்சகத்துக்கு எழுதும் முதல் கடிதத்தோடு அதையே இணைப்பாக அனுப்பலாம்.